ஐந்தாம் எண் சாலையில் ஒரு நூலடுக்கு

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை, கிள்ளானைக் கடந்ததும் காப்பார், ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் என வடக்கே ஏறுகிறது. அதன் ஒரு பக்கம் சேற்றுக் கடலும் மறுபக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர் உழைத்த தோட்டங்களும் கிடக்கின்றன. மீன் உணவுக்காகவும் மின்மினிகளைக் காண்பதற்காகவும் இந்தச் சாலையில் வருவோர் மிகுதி. படிப்பதற்கு நூல் தேடி வருவோர் குறைவு. ஆயினும் இந்தக் குறுகிய நிலப்பகுதியோடு ஏதேனும் ஒரு வகையில் உறவுடைய நாவல்கள், சிறுகதைகள், அரசவை வரலாறுகள், சமூகவியல் ஆய்வுகள், பயண நூல்கள் ஆகியவை பிரெஞ்சு, மலாய், ஆங்கிலம், தமிழ் என்னும் நான்கு மொழிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. புனைவு எனப்படும் கற்பனைப் படைப்புகளை ஒரு தட்டிலும், நடந்ததை நடந்தவாறு சொல்ல முயலும் அபுனைவு நூல்களை இன்னொரு தட்டிலும் பிரித்து வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் படிப்பவர் இந்தக் கரையைப் பாதிதான் பார்ப்பார் என்பது ஊருக்கு ஊர் உறுதிப்பட்டது.

கிள்ளான்

கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில் மல்லிகைச் சரத்தின் மணமும் முறுக்கு வேகும் எண்ணெயின் மணமும் கலந்து நிற்க, தமிழ் நூல்கள் பூசைப் பொருள்களுக்கும் பஞ்சாங்கங்களுக்கும் பள்ளிப் பயிற்சி ஏடுகளுக்கும் நடுவே ஓரத் தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. திருவல்லிக்கேணி நடைபாதையிலும் மதுரைப் புதுமண்டபத்திலும் புத்தகம் பொறுக்கிப் பழகிய கண்களுக்கு அந்தத் தட்டு சிறியதாகவே படும். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் பயனாகச் சிற்றூர் வரை கிளை நூலகம் போய்ச் சேர்ந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு அப்படியொரு வாய்ப்புக் கிட்டவில்லை. அங்கே வாசிப்பு முதலில் நாளிதழ் வழியாகவும், பிறகு ஆசிரியர்களின் சொந்தச் சேமிப்பு வழியாகவுமே பரவியது.

எல்லா ஊர்த் தமிழ்க் கடைகளிலும் காணப்படும் சமையல் நூல்களையும் சோதிட நூல்களையும் விலக்கிய பிறகுதான் உள்ளூர் நூல்கள் கண்ணில் படும். கேரித் தீவில் பிறந்து கிள்ளானைத் தம் ஊராக்கிக்கொண்ட முரசு நெடுமாறன் தொகுத்து 1997இல் வெளியிட்ட ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ அவற்றுள் தலையாயது. 1887 முதல் 1987 வரையிலான நூறு ஆண்டுக் கவிதைகளை ஒருவர் முயற்சியில் ஒரே நூலுக்குள் கொண்டுவந்த அந்தத் தொகுப்பு, கவிதை நூலாக இருந்துகொண்டே ஒரு சமூகத்தின் ஆவணமாகவும் நிற்கிறது. எந்தத் தட்டில் அதை வைப்பது என்று கடைக்காரர் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானது.

காப்பார்

காப்பாரை நெருங்குகையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் புதிய தொழிற்கூடங்களும் பழைய ரப்பர்த் தோட்டங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். இந்த மண்ணைப் புரிந்துகொள்ள முதலில் எடுக்க வேண்டியது ஒரு வரலாற்று நூல். மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் வெளியிட்ட, மேற்கு மலேசிய இந்தியரின் வர்க்கம், இனம், காலனியம் பற்றிய ஆய்வில் 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தங்கள் விரிவாகப் பேசப்படுகின்றன. ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் உள்ளிட்டோர் அமைத்த கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டியது. அடிப்படைக் கூலி ஒரு நாளைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த காலம் அது. நாதன் கைது செய்யப்பட்டதும் போராட்டம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவ, படை வரவழைக்கப்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகிய கோரிக்கைகளின் வரிசையில் ஒன்று வாசிப்பவரைத் தடுத்து நிறுத்துகிறது. துரைமாரோ, கிராணி என்று அழைக்கப்படும் தோட்ட அலுவலக எழுத்தரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை. கூலிக் கணக்கின் நடுவே வரும் இந்த ஒரு வரியில், சைக்கிள் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்த ஒருவன் அதில் ஏறிப் போகையில் அனுபவித்த பெருமையும், செம்மண் பாதையில் இறங்கி நின்ற ஒவ்வொரு முறையும் அவன் அடைந்த குன்றலும் அடங்கியிருக்கின்றன. நல்ல நாவலாசிரியர் பத்து அத்தியாயத்தில் செய்யக்கூடிய வேலையை வரலாற்று நூலின் ஒரு சிறு குறிப்பு சில இடங்களில் செய்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஜெராம்

ஜெராமின் கடல் தமிழ்நாட்டுக் கடலை ஒத்ததன்று. மணற்பரப்பும் அலையோசையும் இல்லாமல், ஓதம் வடிந்ததும் கண்ணுக்கு எட்டும் தொலைவு வரை சாம்பல் நிறச் சேறு பளபளக்க, அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே கொக்குகள் மேய்கின்றன. அந்தச் சேற்றில் விளையும் கெராங் என்னும் சிப்பியை வெந்நீரில் வாட்டிப் புளிக்காரச் சாற்றில் தோய்த்து உண்பதும், வாழையிலையில் சம்பால் தடவிச் சுட்ட மீனை உண்பதும் இங்கு வழக்கம். கடலோரத்து மலாய், சீனர் உணவகங்களைத் தாண்டிச் சாலையின் உட்புறம் திரும்பினால், காலையில் தமிழர்கள் பசியாறும் ஒட்டுக்கடைகளில் தோசையும் நாசி லெமாக்கும் ஒரே மேசைக்கு வருகின்றன.

இங்குள்ள ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் நிற்கும் இரும்பு அலமாரி, இந்தப் பயணத்தில் காணக் கிடைத்த மிகச் சிறந்த நூலகம் என்று சொன்னால் மிகையாகாது. உப்புக் காற்று ஏறாதிருக்க ஒவ்வொரு நூலுக்கும் பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போடப்பட்டிருக்கிறது. தட்டுகளில் பாச்சை உருண்டையின் நெடி. கா.ஸ்ரீ.ஸ்ரீ. தமிழாக்கிய காண்டேகர் நாவல்கள், மு. வரதராசனின் நூல்கள், ஏ.கே. செட்டியாரின் பயண நூல்கள், இரண்டாம் உலகப்போரில் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா திரும்பிய வெ. சாமிநாத சர்மாவின் நூல்கள், மலேசியச் சிறுகதைத் தொகுதிகள், நாளிதழ் நறுக்குகளை ஒட்டிய கணக்கேடுகள் ஆகியவை எந்த வகைப்பாட்டுக்கும் உட்படாமல் கலந்து நிற்கின்றன. அவர் தோட்டத்துப் பள்ளியில் பணியாற்றிய நாளில் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தோருக்கு இவற்றை இரவல் கொடுத்துவந்தார். இரவல் ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டு நூல்களின் பெயர்கள் காணப்படுவதற்குக் காரணம் கேட்டபோது அவர் தந்த விளக்கம் சுருக்கமானது: “ஒண்ணு கதை, ஒண்ணு கதை இல்லாதது. ரெண்டையும் சேத்துதான் கொடுப்பேங்க. ஒண்ண மட்டும் கேட்டா கொடுக்க மாட்டேன்.” பால்வெட்டு முடிந்து பிற்பகலில் வரும் இளைஞர்கள் கதை நூலுக்காகவே வருவர் என்றும், கூடவே எடுத்துப்போன மற்றதைப் பக்கம் புரட்டிப் பார்க்கத் தொடங்கி, அடுத்த முறை அதையே விரும்பிக் கேட்டவர்கள் உண்டு என்றும் அவர் நினைவுகூர்ந்தார்.

அந்த நேரத்தில் அங்கு வந்திருந்த, பல ஆண்டுகள் ரப்பர் மரம் சீவிய மூதாட்டி ஒருவர், மேசைமேல் கிடந்த ஒரு சிறுகதைத் தொகுதியின் அட்டைப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மரத்தின் முன் உளியோடு நிற்கும் பெண்ணை ஓவியர் நன்றாகவே வரைந்திருந்தார். ஆனால் பட்டையில் வெட்டுக்கோடு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. மூதாட்டி விரலால் படத்தின் மேலேயே எதிர்த்திசையில் கோடு இழுத்துக் காட்டி, “இப்படிச் சீவுனா மண்டோரு விடமாட்டாருய்யா, பாலு பாதிதான் எறங்கும்” என்றார். மண்டோர் என்பது தொழிலாளரை மேற்பார்வையிடும் பணியாளரைக் குறிக்கும். ரப்பர் மரப்பட்டையில் பால் ஓடும் நுண்குழல்கள் நேர்ச்செங்குத்தாக இல்லாமல் சற்றே வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுவதால், இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கத் தாழ்வுக்கு வெட்டினால்தான் மிகுதியான குழல்கள் அறுபடும் என்பதை வேளாண் நூல்கள் விளக்குகின்றன. அந்த அறிவு மூதாட்டியின் மணிக்கட்டில் இருந்தது. தோட்ட வாழ்க்கையைப் புனைவாக்க முனையும் எவரும் இந்த வாசகியை மனத்தில் வைத்து எழுதுவது நல்லது.

கதை எழுதும் பயிற்சியும் இத்தகைய வாசகர்களைத் தேடி வந்திருக்கிறது. 1924இல் கி. நரசிம்ம அய்யங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 1950இல் ‘கதை வகுப்பு’ என்னும் பகுதியை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சிறுகதையின் இலக்கணத்தை நாளிதழ் வழியாகக் கற்பித்து, வாசகர் அனுப்பிய கதைகளைத் திருத்தித் தரம் பிரித்தனர். நாட்டு நடப்புக்காக வாங்கிய செய்தித்தாளே கதாசிரியரை உருவாக்கியது என்பதை நோக்கினால், இந்த மண்ணில் புனைவும் அபுனைவும் பிறவியிலேயே ஒரே தாளைப் பகிர்ந்துகொண்டவை என்பது விளங்கும். அந்த நாளிதழ் 2019இல் நின்றுபோனது பெரிய இழப்பு. அதன் பழைய பக்கங்களில் புதைந்துள்ள கதைகளுள் எத்தனை நூலாகத் தகுந்தவை என்று தேடிப் பார்க்கும் பணி இளம் ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கிறது.

கோலசிலாங்கூர்

சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தைப் பார்த்து நிற்கும் மெலாவத்தி குன்றில் பழைய பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும், மக்கள் கையிலிருந்து கடலை வாங்கித் தின்னும் சாம்பல் நிறக் குரங்குகளும் உள்ளன. 1784இல் டச்சுக்காரர் இந்தக் கோட்டையைக் கைப்பற்ற, சுல்தான் இப்ராகிம் மறு ஆண்டே அதை மீட்டார். சுல்தான் சார்ந்த பூகிஸ் மரபினரின் எழுச்சியையும் போர்களையும் சொல்லும் ‘துஹ்ஃபத் அல்-நஃபிஸ்’ என்னும் மலாய் நூலை எழுதிய ராஜா அலி ஹாஜி, டச்சுக்காரரோடு பொருது 1784இல் மலாக்கா அருகே மாண்ட ராஜா ஹாஜியின் பேரர். தன் குடும்பத்து மரணத்தை வரலாறாக எழுதும்போது அரசவைப் புலவரின் புனைவுத் திறனும் ஆவணக்காரரின் நிதானமும் ஒரே கையில் இயங்குவதை அந்த நூலில் காணலாம்.

மலாய் உரைநடைக்குப் புது வழி திறந்தவராகக் கருதப்படும் முன்ஷி அப்துல்லாவைத் தமிழ் வாசகர் தம் உறவினராகவே நெருங்கலாம். தமிழ், அரபு வழியில் மலாக்காவில் பிறந்து, சிறுவயதில் தமிழும் கற்ற அவர், தம் வாழ்வை ‘ஹிகாயத் அப்துல்லா’ என்னும் பெயரில் எழுதி 1849இல் அச்சேற்றினார். கற்பனைக் கதைகளுக்கும் அரச வரலாறுகளுக்கும் வழங்கிவந்த ஹிகாயத் என்னும் வடிவத்தில் ஒரு சாதாரண மனிதனின் தன்வரலாற்றைப் பொருத்தியது அவருடைய துணிவு. இவற்றோடு 1879இல் சிலாங்கூரைக் கண்டு இசபெல்லா பேர்ட் எழுதிய பொன்வண்ணப் பயண நூலையும், அதே சிலாங்கூரில் அதிகாரி ஒருவரின் மனைவியாக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, அந்தப் பொன்முலாம் எப்படி உதிர்ந்தது என்று 1885இல் எமிலி இன்னஸ் எழுதிய மறுப்பையும் அடுத்தடுத்துப் படித்தால், விருந்தாளியின் பார்வைக்கும் குடியிருப்பவரின் பார்வைக்கும் உள்ள தொலைவு தெரியும்.

ரந்தாவ் பாஞ்சாங், தென்னமரம்

கோலசிலாங்கூரிலிருந்து ஆற்றோரமாக உள்ளே திரும்பிப் பெஸ்தாரி ஜெயா, அதாவது முதியோர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரை நோக்கிச் செல்லும் சாலை முழுவதும் செம்பனை எனப்படும் எண்ணெய்ப் பனை. குலைகளை ஏற்றிய லாரிகள் போகும்போது உதிர்ந்த செம்மஞ்சள் பழங்கள் சாலையோரத்தில் நசுங்கிக் கிடக்க, வெளிச்சம் புகாத வரிசைகளுக்கு இடையே மட்டைகள் குவிக்கப்பட்டிருக்கின்றன. தஞ்சை வயல்வெளியின் திறந்த வானத்துக்குப் பழகியவருக்கு இந்தப் பசுமை முதலில் வியப்பையும் சிறிது நேரத்தில் ஒருவித அடைப்பையும் தரும்.

இந்தப் பயணத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. பிரான்சின் பார்பெசியூவில் 1879இல் பிறந்த ஆன்றி ஃபோக்கோனியே என்பவர் 1905இல் மலாயாவுக்கு வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் அமைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட எண்ணெய்ப் பனையை முதலில் அங்கே அழகு மரமாக நட்ட அவர், 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராகவே பயிரிட்டார். இன்று மலேசியாவெங்கும் விரிந்திருக்கும் செம்பனைத் தோட்டங்களின் தொடக்கம் அதுவே. மலேசியத் தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ வெளிவந்ததும் அதே 1917இல்தான். தோட்ட முதலாளியான ஃபோக்கோனியே பின்னர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930இல் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்றது.

மலாய்க்காரரின் பந்துன் என்னும் நாலடிப் பாடல்களில் தோய்ந்து, காட்டின் ஈரத்தையும் தனிமையின் மயக்கத்தையும் அந்நாவல் பிடித்துக் காட்டும் விதம் உண்மையிலேயே உயர்ந்தது. எனினும், மலாய்க்காரரின் ஆன்மாவைத் தேடிப் போகும் அந்தக் கதை, தோட்டத்தைக் கட்டி எழுப்பிய தமிழரை வராந்தாவிலிருந்தே பார்க்கிறது. ஆகவே அதை மூடிய கையோடு ரவீந்திர கே. ஜெயின் எழுதி 1970இல் வெளிவந்த மானிடவியல் ஆய்வை எடுப்பது நல்லது. மானிடவியல் என்பது ஒரு சமூகத்தோடு தங்கி வாழ்ந்து அதன் உறவுமுறை, வழிபாடு, அதிகாரம் ஆகியவற்றை ஆராயும் துறை. ஜெயின் 1960களின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டம் ஒன்றில் தங்கி, அதற்குப் ‘பால் மலாயு’ என்று புனைபெயர் சூட்டி எழுதினார். ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்து வேலை வாங்கிய கங்காணிக்கும் கிராணிக்கும் உள்ள உயர்வு தாழ்வையும் கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பதையும் அவர் பொறுமையாகப் பதிந்திருக்கிறார். அந்தப் பொறுமையில் இல்லாத உணர்ச்சி வேகத்துக்கு, 1975இல் மலேசியா வந்து சென்ற அகிலன் எழுதி 1977இல் வெளிவந்த ‘பால்மரக் காட்டினிலே’ நாவலைப் படிக்கலாம். அகிலன் விருந்தினராக வந்தவர். அவருடைய பரிவு பெரியது, ஆனால் கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலில் உள்ள, அங்கேயே பிறந்தவரின் கசப்பு அவரிடம் இல்லை.

பிரெஞ்சுத் தோட்டங்களின் கதை இத்தோடு முடிவதில்லை. 1930களின் பிற்பகுதியில் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றிய பியேர் பூல் என்னும் இளம் பொறியாளர் பின்னாளில் 1952இல் எழுதிய நாவலே ‘குவாய் ஆற்றுப் பாலம்’. 1957இல் படமாகி உலகையே சுற்றியது அது. ஜப்பானியர் 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த ரயில் பாதையே அதன் களம். அந்தப் பாதையில் 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் வேலை செய்தனர் என்றால், அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர் வதைபட்டனர்; மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். தமிழர் நடுவே வாழ்ந்து வேலை வாங்கிய ஒருவரின் நாவலில் அந்தத் தமிழர் காணாமற்போனது மன்னிக்கக் கடினமான விடுபடல். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வெளிவந்து அந்த வெற்றிடத்தை நிரப்பியது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ அதே கொடுமையை வேறொரு கோணத்தில் சொன்னது. இங்கே எண்ணிக்கையைத் தரும் வரலாற்று நூல்களும் பிழைத்து வந்தோரின் வாய்மொழியும் இல்லாதிருந்தால், பரிசும் புகழும் பெற்ற புனைவே உண்மையாக நிலைத்திருக்கும். புனைவின் விடுபடலை ஆவணம் காட்டிக்கொடுக்க, ஆவணத்தின் வறட்சியை இன்னொரு புனைவு நனைக்க, மூன்றையும் சேர்த்துப் படித்தவருக்கே அந்த ரயில் பாதை முழு நீளத்துக்கும் கண்ணில் விரியும்.

தென்னமரத்துக்கு அருகே செம்பனை நிழலில் நின்ற பழைய கோயிலில் மாலைப் பூசைக்கு வந்தோர் பெரும்பாலும் முதியவர்கள். பிள்ளைகள் ரவாங்கிலும் ஷா ஆலாமிலும் குடியேறிவிட்டனர். திருவிழாவுக்கு மட்டும் வண்டி நிறைய வருவார்கள் என்று சொன்ன பூசாரி, பொங்கலும் சுண்டலும் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்து, யார் என்ன எழுதினாலும் சாமி பேரைச் சரியாக எழுதச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

செகிஞ்சான்

தஞ்சோங் காராங்கைத் தாண்டியதும் செம்பனை விலகி, செகிஞ்சானில் நெல்வயல் திடீரென்று திறக்கிறது. வாய்க்கால்களும் வரப்புகளும் அளந்து கோடு போட்டாற்போல் நேராக ஓடும் இந்த வயல்களைச் சீன விவசாயிகளும் மலாய் விவசாயிகளும் பயிரிடுகின்றனர். காவிரிக் கரையின் வளைந்து நெளியும் வரப்பு இங்கில்லை. இந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க ஏற்றது ம. நவீனின் ‘பேய்ச்சி’. 1981இல் கெடா மாநிலத்து லுனாஸில் விஷச் சாராயம் பல உயிர்களைக் குடித்த உண்மை நிகழ்வைப் பின்புலமாகக் கொண்ட அந்த நாவல் 2019இல் வெளிவந்து, 2020இல் மலேசிய அரசால் தடை செய்யப்பட்டது. நடந்த ஒன்றைச் செய்தித்தாள் சொன்னபோது எழாத எதிர்ப்பு நாவல் சொன்னபோது எழுந்தது என்பது புனைவின் வலிமைக்குச் சான்று. அந்தத் தடை தமிழ் வாசகர் கவலைப்பட வேண்டியது.

இன்று இந்தச் சாலையின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களில் குலை வெட்டுவோர் வங்கதேசத்தவரும் இந்தோனேசியரும் நேபாளியரும் ஆவர். ஒரு காலத்தில் தமிழர் இருந்த லயங்களில் இன்று அவர்கள் இருக்கின்றனர். மாலையில் ஒட்டுக்கடை வாசலில் கைபேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய எழுத்தும் வரத் தொடங்கிவிட்டது. பக்கத்துச் சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளியாக இருந்த வங்கதேசத்து முகுல் ஹொசைனின் கவிதைத் தொகுதி 2016இல் வெளிவந்தது. அதே வேலையில் இருந்த ஷரிப் உதினின் நாட்குறிப்பு நூல் 2017இல் வந்து மறு ஆண்டே அபுனைவுக்கான விருதைப் பெற்றது. கங்காணிக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த இரண்டு நூல்களையும் தமிழில் கொண்டுவந்தால், ஜெராம் ஆசிரியரின் இரவல் ஏட்டில் ஒரே பெயருக்கு நேரே எழுதத் தகுந்த அடுத்த இணை அதுவாக இருக்கும்.